நந்தியாவட்டையில் ஒரு பாம்புக்குட்டி

எங்கள் வீட்டு மதிலை ஒட்டி ஆள் உயரத்துக்கும் சற்று மேலாக வளர்ந்து நிற்கும் நந்தியாவட்டைச் செடியில், சிவன் கோயிலுக்கென்று விடியற்காலையில் பூப்பறிக்க வரும் மூதாட்டி ஒருவர், சென்ற ஐப்பசியில் ஒரு நாள், பாதிகூட நிறையாத குடலையைத் திண்ணைமேல் வைத்துவிட்டு, "தம்பி, செடியிலே பாம்புக்குட்டி படுத்திருக்கு, என்னையே முறைச்சுப் பார்க்குது. சாமிக்கு இன்னிக்கு இவ்வளவு பூ போதும்" என்றார். "நல்லாப் பார்த்தீங்களா பாட்டி? ஓணானா இருக்கப் போகுது" என்று நான் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எழுபது வருஷமாகப் பாம்பையும் ஓணானையும் பார்த்து வருகிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதா என்பது அவருடைய கட்சி. கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பையும் மாட்டிக்கொண்டு, நான் செடியருகே போனேன்.

இலைகளுக்கு நடுவே, இலையின் பசுமையையே உடம்பாகக் கொண்டு, என் சுண்டுவிரலைவிட நீளமும் பெருவிரலுக்குச் சற்றுக் குறைந்த பருமனுமாக, ஒரு ஜந்து காம்பைக் கவ்விக்கொண்டு தொங்கியது. அதன் முன்பாகத்தில், கரிய வளையத்துக்குள் நீலமும் வெண்மையும் கலந்து பளபளக்கும் இரண்டு கண்கள் இருந்தன. கம்பின் நுனியால் மெல்லத் தொட்டேன். உடனே அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இழுத்த மாத்திரத்தில் அதன் முன்பாகம் உப்பியது. உப்பியதும் அந்த இரண்டு கண்களும் திடீரென்று அகல விழித்தன. பாட்டியின்மேல் பிழை சொல்லுவதற்கில்லை. பாம்பாக இராது என்று எண்ணிக்கொண்டு போன எனக்கே ஒரு க்ஷணம் கை பின்வாங்கிற்று.

அது பாம்பு அல்ல, புழு. நம்மை விழித்துப் பார்க்கும் அந்தக் கண்களும் கண்கள் அல்ல. தோலின்மேல் எழுதிய வெறும் சித்திரங்கள். உண்மையான கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஆறாக, பூதக்கண்ணாடி இல்லாமல் புலப்படாத சிறு புள்ளிகளாக இருக்கின்றன. வெளிச்சம் இருட்டு என்ற அளவுக்குமேல் அவற்றால் அதிகமாக ஒன்றும் காண முடியாது. குருட்டுப் பிச்சைக்காரன் ராஜாவின் முகமூடியைத் தரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல, ஏறக்குறையக் குருடான இந்தப் புழு, குருவிகளையும் கொண்டைக்குருவிகளையும் பயமுறுத்தும் பெரிய கண்களைத் தோளில் சுமந்துகொண்டிருக்கிறது. கண் நோய்க்கு நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணைக் கழுவும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் செடியிலேயே கண் வரைந்த புழு பிறப்பது வெறும் தற்செயல்தான் என்றாலும், இதைக் கேட்டவுடன் பாட்டிக்குப் புழுவின்மேல் பாதிக் கோபம் தணிந்துவிட்டது.

இது அரளி அந்துப்பூச்சியின் புழு. ஆப்பிரிக்காவிலும் தென்னாசியா முழுவதிலும் சர்வ சாதாரணமாக வாழும் இந்த இனத்துக்கு, 1758ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், அரளியின் லத்தீன் பெயரைச் சேர்த்து 'ஸ்பிங்க்ஸ் நேரியை' என்று நாமகரணம் செய்தார். இன்று அதை 'டாஃப்னிஸ் நேரியை' என்கிறார்கள். எகிப்து தேசத்து மணல்வெளியில் முன்னுடம்பை நிமிர்த்திக்கொண்டு மௌனமாகப் படுத்திருக்கும் ஸ்பிங்க்ஸ் சிலையை ஒத்து, இந்தக் குடும்பத்துப் புழுக்கள் ஓய்வு கொள்ளும்போது முன்பாகத்தைத் தூக்கித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அசையாமல் இருப்பதனாலேயே அந்தப் பெயர் வாய்த்தது. ஆங்கிலேயர் இவற்றின் பறக்கும் வேகத்தைப் பார்த்துப் பருந்தின் பெயரைக் கொடுத்தார்கள். நாமோ, அரிசிப் பானையைத் திறந்தால் பொடிப் பொடியாகப் பறக்கும் அந்துக்கும், உள்ளங்கை அகலம் சிறகு விரிக்கும் இதற்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். அது போதாதென்று விளக்கில் விழும் எதையும் விட்டில் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பட்டாம்பூச்சிக்குக் காட்டிய தாராளத்தில் கால் பங்கையாவது தமிழ் இந்த இராப்பூச்சிகளுக்கும் காட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தாய்ப்பூச்சி அந்தி மயங்கியபின் வந்து, முதிர்ந்த இலைகளை விட்டுவிட்டு இளந்தளிர்களாகத் தேடி, ஓரிடத்தில் ஒன்று என்ற கணக்கில் கடுகளவுள்ள வெளிர்பச்சை முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகிறது. ஒரே கிளையில் குவியலாக இட்டால் பிள்ளைகள் ஒன்றின் பங்கை ஒன்று தின்று பட்டினி கிடக்க நேரும் அல்லவா? நம் ஊர் வெப்பத்தில் சில நாட்களுக்குள் முட்டை பொரிந்து, அரை அங்குலத்தில் நாலில் ஒரு பங்கு அளவே தேறும் ஒரு நூல் வெளியே வருகிறது. அந்த நூலுக்கு, உடம்புக்குச் சற்றும் பொருத்தமில்லாமல், வால் பக்கத்தில் நீண்ட கறுப்புக் கொம்பு ஒன்று இருக்கிறது. தின்பது, தோலுரிப்பது, மறுபடியும் தின்பது என்ற இரண்டே காரியங்களில் அதன் பால்யம் முழுவதும் கழிந்துவிடுகிறது. நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தை அடையும்போது கண்சித்திரம் பூரணமாக, பக்கவாட்டில் வெள்ளைக் கோடும் அதன் கரையோரம் வெண்புள்ளிகளுமாக, முன்பு நீண்டிருந்த கொம்பு மஞ்சளாகக் கட்டைப்பட்டு, நான் பார்த்த அந்த ரூபம் கிடைக்கிறது. ஆயுளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை இந்தக் கடைசிப் பருவத்தில்தான் தின்று தீர்க்கிறது.

புழுவைக் கண்டுபிடிப்பது கடினம். அது இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். பெருக்கித் தெளித்த வாசலில், செடியின் நிழல் விழும் இடத்தில் மட்டும், மிளகைக் காட்டிலும் சற்றுப் பெரிய கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தால் மேலே பார்க்க வேண்டும். அந்த உருண்டையில் ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தால், கொத்தமல்லி விதையில் உள்ளது போல நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக வரி ஓடுவது தெரியும். புழுவின் குடல் மடிப்புகள் பதித்த முத்திரை அது. எங்கள் வீட்டில் இரண்டு நாட்களாக இந்தப் புழுக்கையைப் பெருக்கித் தள்ளியவர்கள் எலியின்மேல் பழியைப் போட்டிருந்தார்கள்.

இனி இந்தப் பூச்சியைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அரளி விஷச்செடி என்பது கிராமத்தில் சிறு குழந்தைக்கும் தெரியும். வெட்டவெளியில் பச்சைப்பசேலென்று நின்றாலும் ஆடு அதில் வாய் வைப்பதில்லை. நெடுஞ்சாலைகளின் நடுவே மைல் கணக்கில் அரளியை நட்டு நிம்மதியாக இருக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் இலையிலும் பட்டையிலும் பூவிலும் வேரிலும் உள்ள ஒலியாண்ட்ரின் முதலிய சத்துக்கள் இருதயத்தைத் தாக்கும். மிருகங்களின் ஒவ்வொரு உயிரணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு நுண்ணிய இறைப்பு இயந்திரம் இராப்பகலாக வேலை செய்துகொண்டிருக்கிறது; இருதயம் துடிப்பதும் நரம்பு சேதி அனுப்புவதும் அதன் தயவினால்தான். ஏற்றத்தின் சால் கிணற்றுச் சுவரில் சிக்கிக்கொண்டதுபோல, அரளியின் விஷம் அந்த இயந்திரத்தில் போய் அடைத்துக்கொண்டு அதை நிறுத்திவிடுகிறது. நந்தியாவட்டையும் அரளியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதில் இருப்பது வேறுவகைக் காரச்சத்துக்கள். நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலை, களா என்று இந்தப் புழு மேயும் செடிகளைப் பார்த்தால், ஒரு குடும்பத்து வீடுகளிலேயே மாறி மாறி விருந்து சாப்பிடும் ஆசாமியைப் போல, அரளிக் குடும்பத்திலேயே பெரும்பாலும் சுற்றிவருவது தெரியும்.

விஷச்செடியைத் தின்னும் பூச்சி வேறு இல்லையா என்றால், இருக்கிறது. எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் என்னும் செம்மஞ்சள் பட்டாம்பூச்சியை அறியாதவர் இரார். எருக்கிலும் அரளியின் இனத்தைச் சேர்ந்த இருதய விஷம் உண்டு. அந்தப் பட்டாம்பூச்சி புழுவாக இருக்கும்போதே அந்த விஷத்தை உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு, தானே கசப்பாக மாறி, ஒரு தடவை கொத்திய பறவை மறுதடவை கிட்டே வராது என்ற தைரியத்தில் பட்டப்பகலில், அவசரமில்லாமல், வீதிவலம் போவதுபோலப் பறக்கிறது. அமெரிக்காவிலுள்ள அதன் பங்காளியான மோனார்க் பட்டாம்பூச்சியின் உடம்பில், விஷம் வந்து பூட்டிக்கொள்ளும் சாவித்துளையையே மாற்றி அமைத்ததுபோல, அந்த இறைப்பு இயந்திரத்தின் அமைப்பே சற்று மாறியிருக்கிறது.

அரளிப்புழுவும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எண்ணியது இயல்பே. ஆனால் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2009இல் சோதித்துப் பார்த்தபோது, இந்தப் புழுவின் இயந்திரம் எவ்வித மாற்றமும் இல்லாமல், மற்ற ஜீவன்களினுடையதைப் போலவே, விஷத்துக்கு எளிதில் இரையாகக் கூடியதாக இருக்கக் கண்டார்கள். அப்படியானால் அரளியைத் தின்று அது எப்படி உயிரோடிருக்கிறது? 2013இல் அவர்களே அதற்கு விடையும் சொன்னார்கள். புழுவின் நரம்பு வடத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. சில விஷங்களை அது உள்ளே விடுவதே இல்லை. மீறிக் கசிந்து நுழைகிற வகைகளை அவ்வுறையிலுள்ள காவலாட்கள் பிடித்துப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். காவலாட்களின் வேலையை ரசாயன மருந்தால் நிறுத்தியவுடன் விஷம் நரம்புக்குள் புகுந்ததைக் கொண்டு இதை நிரூபித்தார்கள்.

பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை இறைவன் உண்டபோது, அம்பிகை கையை வைத்து அது கண்டத்திலேயே நிற்கும்படி செய்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். சிவபூஜைக்குரிய அரளியிலும் நந்தியாவட்டையிலும் வாழும் இந்த அற்ப ஜீவன் விஷயத்தில் அம்பிகையின் கரமாக அந்த மெல்லிய உறை நிற்கிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வெந்தய வரியனைப் போல விஷத்தை இது சேமித்துக்கொள்வதில்லை. பிறந்தது முதல் நஞ்சையே தின்றும் இதன் சரீரம் நஞ்சாவதில்லை. கொத்துகிற பறவைக்குக் கசப்பதற்கு இதனிடம் ஒன்றும் இல்லை. ஆகையினால்தான் இலையின் நிறம், ஆகையினால்தான் பொய்க்கண்கள், ஆகையினால்தான் இரவில் பறக்கும் வாழ்க்கை. அவன் ஆயுதம் தரித்து நடக்கிறான். இவன் வேஷம் தரித்து ஒளிகிறான். ஒரேவகை விஷத்திலிருந்து இரண்டு வாழ்க்கைகள் இப்படிப் பிரிந்து போயிருப்பதைக் காட்டிலும் விசித்திரமான விஷயம் எங்கள் தோட்டத்தில் வேறு எதுவும் எனக்கு அகப்படவில்லை.

பாட்டி 'பாம்பை'க் கண்ட நாலாம் நாள், அந்தப் பச்சைப்புழு மாயமாக மறைந்தது. குருவி கொண்டுபோய்விட்டதாக்கும் என்று எண்ணியிருந்த சமயத்தில், நடுப்பகலில், சிமெண்டுத் தரையில் பழுப்பும் கறுப்புமான ஒரு புழு வெகு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. முதுகு கருத்து, பச்சை முற்றும் மறைந்து, ஆள் அடையாளமே தெரியவில்லை. கண்சித்திரத்தின் மங்கிய சுவட்டைக் கொண்டுதான் பழைய ஆசாமி என்று தெரிந்துகொண்டேன். தின்கிற காலம் முடிந்தது, இனி இலைச்சருகுக்குள் மறைய வேண்டும் என்னும்போது, இலைப்பச்சையைக் களைந்து சருகின் நிறத்தை உடுத்திக்கொள்கிறது. எறும்பின் வாயில் அகப்படாமல் அதை எடுத்து, சருகு நிரப்பிய மண்சட்டியில் விட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டிவைத்தேன்.

பட்டுப்பூச்சியின் கூட்டை நினைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு இதன் வீடு ஏமாற்றத்தையே தரும். நாலைந்து சருகுகளை இழுத்து, மஞ்சள் சாயலுள்ள சில நூல்களால் ஏனோதானோ என்று தைத்து, அதற்குள் படுத்துவிடுகிறது. சில நாட்களில் தோல் கழன்று, வெளிர்பழுப்புக் கூட்டுப்புழு தோன்றியது. அதன் பக்கங்களில் வரிசையாகக் கரும்புள்ளிகளும், முன்புறம் நடுவில், பின்னால் உறிஞ்சு குழலாகப் போகும் உறுப்பின்மேல் மை தீட்டியதுபோல ஒரு கோடும் இருந்தன. கையில் எடுத்தால் வயிற்றைப் பக்கவாட்டில் வெடுக்கென்று அசைக்கும், அவ்வளவுதான் உயிர்க்குறி. உள்ளே புழுவின் உடம்பு பெரும்பாலும் கரைந்து, புழுவாக இருந்த காலத்திலேயே வட்டுக்களாக ஒளித்து வைத்திருந்த சிறகும் காலும் உணர்கொம்பும் அந்தக் குழம்பைத் தின்று வளர்கின்றன என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. சட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பொறுமை ஒன்றுதான் வளர்ந்தது.

பதின்மூன்றாம் நாள் இரவு, எட்டு மணி சுமாருக்குச் சட்டிக்குள் சருகு சரசரத்தது. துணியை அவிழ்த்தபோது, நனைந்த கந்தையைப் போன்ற ஒரு பொருள் சட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியதும், சுருங்கிக் கிடந்த சிறகுகளுக்குள் உடம்பின் திரவம் பாய, அவை அப்பளம் எண்ணெயில் விரிவதுபோல என்று சொல்லலாமென்றால் அவ்வளவு வேகமில்லை, கொடிமல்லி விரிவதுபோல என்றால் அவ்வளவு தாமதமும் இல்லை, நான் ஒரு தடவை காபி குடித்துவிட்டு வருவதற்குள் முழு நீளத்துக்கு நீண்டுவிட்டன. பிறகு செந்நிறமான ஒரு துளி கழிவை வெளியேற்றிவிட்டு, சிறகு இறுகும் வரைக்கும் அசையாமல் இருந்தது.

அந்தச் சிறகை வர்ணிக்க எனக்குத் துணிவில்லை, ஆயினும் முயலுகிறேன். பாசிபிடித்த கருங்கல் தளத்தில், கரும்பச்சை ஓரிடமும் இளம்பச்சை ஓரிடமுமாகத் திட்டுத்திட்டாகப் படிந்து, அதன் ஊடே வெண்மையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் அலையலையாக ஓடினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. பட்டாளத்துச் சிப்பாய்கள் உடுத்தும் திட்டுப்பச்சை உடையைப் போன்றிருப்பதனால் ஆங்கிலத்தில் இதற்குப் பட்டாளத்துப் பச்சை என்றும் ஒரு பெயர் உண்டு. சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பத்து சென்டிமீட்டர் இருக்கலாம்.

பறப்பதற்கு முன் அது செய்த காரியம் ஒன்று கவனிக்கத்தக்கது. சிறகுகளைப் பாதி விரித்தபடி, குளிரில் நடுங்குபவனைப் போல வெடவெடவென்று நடுங்கியது. பூச்சிகளின் இரத்தம் குளிர்ந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தக் குடும்பத்துப் பூச்சிகளோ, மார்புத் தசைகளை நடுங்கச் செய்து, மனித உடம்பின் சூட்டுக்குச் சமமான சூடு ஏறிய பிறகே கிளம்புகின்றன. மோட்டார் வண்டியை நிறுத்திய இடத்திலேயே இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடாக்கிக்கொள்வதற்கு ஒப்பானது அது. கிளம்பிய பிறகு அதைக் கண்ணால் தொடர முடியாது. பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே உறிஞ்சு குழலை நீட்டித் தேனெடுக்கும். வெண்மையும் மணமும் நீண்ட குழாயும் கொண்டு இரவில் மலரும் மரமல்லி போன்ற பூக்கள் இந்தக் குடும்பத்தாரை உத்தேசித்தே மலருகின்றன என்று சொல்லிவிடலாம். பப்பாளி காய்ப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

நிலவில்லாத இரவில் பூவை எப்படிக் காண்கின்றன என்ற கேள்விக்கு, ஸ்வீடனிலுள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2002இல் வியக்கத்தக்க விடை கண்டார்கள். இதன் உறவான ஓர் ஐரோப்பிய இனம், நட்சத்திர ஒளி ஒன்றை மாத்திரம் கொண்டு நிறங்களைப் பகுத்தறிகிறது. அந்த வெளிச்சத்தில் நமக்கு உலகமே சாம்பல் நிறம். நம்முடைய அரளிப் பூச்சியும் ஆராய்ச்சிக்கு அந்நியமல்ல. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், இது பறக்கும்போது உணர்கொம்புகளை எவ்வாறு முன்னே நீட்டி ஒரே கோணத்தில் நிறுத்துகிறது என்பதை வருஷக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். காற்றின் வேகத்தையும் தன் உடம்பின் சாய்வையும் இந்தக் குடும்பம் அறிவதற்கு உணர்கொம்பு அவசியம். அதன் அடியில் உள்ள நுண்ணிய மயிர்கள் கொம்பின் இருப்பை நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குக் கோடைதோறும் இது யாத்திரை போவதை நினைத்தால், அந்த மயிர்கள் எவ்வளவு உழைக்கின்றன என்பது விளங்கும். ஆனால் வட ஐரோப்பாவின் உறைபனியைத் தாங்கிப் பிழைக்க இதனால் ஆகாது.

இரண்டு நிமிஷம் நடுங்கிவிட்டு எங்கள் வீட்டுப் பூச்சி மதிலைத் தாண்டி இருட்டில் போய்விட்டது. மறுநாள் காலையில் பாட்டியிடம், "உங்க பாம்புக்குட்டி சிறகு முளைச்சுப் பறந்துபோச்சு பாட்டி" என்றேன். "நல்லதாப் போச்சு. அதுவும் சாமி பூவைத் தின்னு வளர்ந்ததுதானே" என்றார் அவர். பூவைத் தின்னவில்லை, இலையைத்தான் தின்றது என்று திருத்த வாயெடுத்தவன் சும்மா இருந்துவிட்டேன்.

வீட்டில் செடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தில் வேரூன்றிய நந்தியாவட்டையும் அரளியும் இரண்டு மூன்று புழுக்களால் செத்துப்போவதில்லை. மொட்டையான கிளைகளில் எங்கள் செடி கார்த்திகைக்குள் புதுத்தளிர் விட்டுவிட்டது. ஆகையால் புழுக்கையைக் கண்டவுடன் மருந்து தெளிக்க ஓட வேண்டாம். தொட்டியில் உள்ள சிறிய அடீனியமாக இருந்து, அதன் இலை முழுவதும் போய்விடும் என்று பயந்தால், புழுவை இலையோடு கிள்ளி எடுத்துப் பெரிய அரளியிலோ நந்தியாவட்டையிலோ விட்டுவிடுங்கள். முறைத்துப் பார்க்கும், பார்க்கட்டும். அது கடிக்காது, அந்தக் கொம்பும் குத்தாது.